கணினியைத் துடைக்கும் முன்: பள்ளியின் மின்னஞ்சல் யாருடைய பொறுப்பு?



வின்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. பழைய கணினிகளைத் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை நிறுவ வேண்டிய கட்டாயம் பள்ளி அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. கணினிக் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். கணினியும் புதிதுபோல் வேகமாக இயங்கும். ஆனால், அதற்குள் இருந்த மின்னஞ்சல் என்னவாகிறது? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் முன்கூட்டியே கேட்கிறோம்?

‘எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கடைக்காரர் பார்வையில் ‘எல்லாம்’ என்பது ஆவணங்கள், படங்கள், திரையின் முகப்பில் கிடக்கும் கோப்புகள் ஆகியவைதாம். மின்னஞ்சல் செயலி பெரும்பாலும் தன் உடைமைகளை அங்கே வைப்பதில்லை. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் வைக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கும்; கேட்காதவருக்கு அது துடைத்தெறியப்படும். ஆகவே, இதைக் கடைக்காரரின் குறையாக நான் கருதவில்லை. பள்ளியின் மின்னஞ்சலுக்குப் பொறுப்பாளர் யார் என்று நாம் முடிவு செய்யாமல் இருப்பதே குறை என்பது என் கருத்து.

கடிதங்கள் வேறு, அமைப்புகள் வேறு

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னஞ்சலில் கடிதங்கள் ஒரு பகுதி. அவற்றைக் கொண்டுவரும் அமைப்புகள் மற்றொரு பகுதி. கணக்கின் பெயர், வழங்கியின் முகவரி, வாயில் எண், கடவுச்சொல், முகவரிப் புத்தகம், கடிதங்களைத் தானாகப் பிரித்து அடுக்கும் வடிப்பிகள், கடிதத்தின் கீழே வரும் கையொப்பம் ஆகியவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பிரிவினை புதிதன்று. வின்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நாம் பயன்படுத்திய அவுட்லுக் எக்ஸ்பிரசில் கடிதங்கள், முகவரிப் புத்தகம், கணக்கு அமைப்புகள் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஒன்றைப் படியெடுத்தால் மற்ற இரண்டும் உடன் வாரா. இன்றைய அவுட்லுக்கின் பழைய வடிவத்திலும் அதே நிலைதான். அதிலிருந்து ஏற்றுமதி செய்யும் தரவுக் கோப்பில் கடிதங்களும் தொடர்புகளும் நாட்காட்டியும் இருக்கும். கணக்கு அமைப்புகள் இரா. கையொப்பங்களோ வேறொரு கோப்புறையில் தனியே கிடக்கும்.

தண்டர்பேர்ட் செயலி இவ்வகையில் எளிமையானது. கடிதம், முகவரி, வடிப்பி, கடவுச்சொல் அனைத்தையும் சுயவிவரக் கோப்புறை எனும் ஒரே இடத்தில் வைக்கிறது. உதவிப் பட்டியில் உள்ள சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தில் அக்கோப்புறையைத் திறக்கும் பொத்தான் உண்டு. செயலியை மூடிவிட்டுக் கோப்புறை முழுவதையும் படியெடுத்து, இயங்குதளத்தை நிறுவிய பிறகு உரிய இடத்தில் வைத்தால், பழைய நிலையிலேயே திறக்கும். இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். புதிதாக நிறுவும் தண்டர்பேர்ட், பழையதற்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். அடுத்து, கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்து வந்தால் பயனில்லை.

எல்லாம் இணையத்தில்தானே இருக்கிறது?

இன்றைய ஆசிரியர்கள் பலரும் இப்படிக் கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்குகளும், நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஜிமெயிலும் கடிதங்களை வழங்கியிலேயே வைத்திருக்கின்றன. ஐமேப் முறையில் கணக்கை மீண்டும் இணைத்தால் வழங்கியில் உள்ள கடிதங்கள் திரும்ப வந்துவிடும்.

ஆனால், பள்ளியின் பழைய கணக்கு பாப் முறையில் இயங்கியிருந்தால் நிலைமை வேறு. அம்முறை கடிதத்தைக் கணினிக்கு இறக்கியபின், பெரும்பாலும் வழங்கியிலிருந்து நீக்கிவிடும். கணினியில் இருப்பது மட்டுமே மூலப்படி. அதைத் துடைத்தால் எங்கிருந்து மீட்பது? ஐமேப் முறையிலும்கூட, இடம் போதவில்லை என்று நாமே உள்ளகக் கோப்புறைக்கு நகர்த்திய கடிதங்கள் வழங்கியில் இல்லை.

அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. துடைத்து நிறுவிய கணினி, வழங்கியின் கண்ணுக்கு முன்பின் அறியாத புதுக் கணினியாகத் தெரிகிறது. உடனே உறுதிக் குறியீட்டைக் கேட்கிறது. அந்தக் குறியீடு யாருடைய கைப்பேசிக்குப் போகிறது? நான் அறிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில், கணக்கைத் தொடங்கிய ஆசிரியர் மாற்றலாகிச் சென்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தம் எண்ணையும் மாற்றியிருந்தார். கடவுச்சொல் சரியாக இருந்தும் பள்ளியால் தன் சொந்தக் கணக்கிற்குள் நுழைய முடியவில்லை. முன்னாள் மாணவர்களின் முகவரிகளும் நன்கொடையாளர்களின் கடிதங்களும் உள்ளேயே கிடந்தன.

பழைய கடவுச்சொல்லைப் படியெடுத்து வைத்திருப்பதும் எப்போதும் போதாது. கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளிச்செயலிகள் நுழைவதைக் கூகுள் நிறுவனம் தனியார் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முந்தைய அமைப்புகளை அப்படியே மீட்டெடுத்தால், கடிதம் வராது. கணக்கு அமைப்பில் நுழைவு முறையை மாற்றி, உலாவி வழியாக ஒப்புதல் அளிக்க வேண்டும்.

தமிழுக்கென்று ஓர் இழப்பு

இதில் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒருங்குறி பரவலாகும் முன், நாம் தகுதரம் போன்ற பழைய குறியீடுகளில் மின்னஞ்சல் எழுதினோம். அந்த எழுத்துரு கணினியில் இருந்தவரை கடிதம் தமிழாகத் தெரிந்தது. இயங்குதளத்தை மறுபடி நிறுவியதும் எழுத்துரு போய்விடும். கடிதம் அப்படியே இருந்தும், ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகக் காட்சி தரும். ‘கெட்டுப்போன கோப்பு’ என்று எண்ணி அழித்துவிடுகிறோம். அது கெட்டுப்போகவில்லை. எழுத்துருவைத் திரும்ப நிறுவினாலோ, ஒருங்குறிக்கு மாற்றும் செயலியில் இட்டாலோ படிக்கலாம்.

அக்கடிதங்களில் என்ன இருக்கிறது? 2021இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட பயிற்சிகள், கலைச்சொற்கள் பற்றிய விவாதங்கள், ஓய்வுபெற்றுவிட்ட மூத்த ஆசிரியர்களின் அறிவுரைகள். தமிழ்ப்பள்ளியின் வரலாற்றை நாளை எழுத வருபவருக்கு இவைதாம் சான்றுகள். ஆகவே, எழுத்துருக்களையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

என் பரிந்துரைகள்

1. பள்ளி மின்னஞ்சலின் முகவரி, முறை, வழங்கி, வாயில் எண் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலேயே எழுதி அலுவலகத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லும் மாற்றுக் குறியீடுகளும் முத்திரையிட்ட உறையில், தலைமையாசிரியரின் பெட்டகத்தில் இருக்கட்டும்.

2. மீட்பு எண் தனி ஆசிரியருடையதாக இருத்தல் கூடாது. பள்ளியுடையதாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் மாறும்போது சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படைக்க வேண்டும்.

3. ஒவ்வொரு பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலும் இரண்டு காப்புப்படிகள் எடுக்க வேண்டும். ஒன்று பள்ளியில், மற்றொன்று வேறிடத்தில். படியில் கடவுச்சொற்களும் இருப்பதால், அதைக் கடைக்காரரின் விரலியில் விட்டுவைக்காதீர்கள். செயலிக்கு முதன்மைக் கடவுச்சொல் ஒன்றையும் இடுங்கள்.

4. எடுத்த படியை வேறொரு கணினியில் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லையேல், பாப் முறையில் புதிய கடிதங்கள் அந்தக் கணினிக்குப் போய்விடக்கூடும்.

5. குறைந்தது இரண்டு ஆசிரியர்களாவது இவ்வேலையைத் தாங்களே செய்யப் பழக வேண்டும்.

இந்த ஐந்தில் நான்காவதே முதன்மையானது என்பேன். மீட்டுப் பார்க்காத காப்புப்படி, பயன்படுமா படாதா என்று யாருக்கும் தெரியாது. இயங்குதளத்தைத் துடைத்த பிறகு தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவிப்புகள், மருத்துவக் கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகியவை வீட்டுக் கணினியின் மின்னஞ்சலில் இருக்கலாம். கடைக்குக் கொண்டுபோகும் முன் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு நீங்களே படியெடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். அவர்களுக்கும் அது நல்ல கணினிப் பாடமாக அமையும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: ‘நம் பள்ளி மின்னஞ்சலின் காப்புப்படி எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார்?’

சிந்திப்போம், செயற்படுவோம்.