துரத்தும் பிரம்பு

போதை ஒழிப்பு என்றதும் நமது ஊர்களில் என்ன நடக்கிறது? ஓர் ஊர்வலம், நாலு சுலோக அட்டை, பொலிஸ் பொறுப்பதிகாரியின் உரை, மாலையில் ஒரு கவியரங்கு. கஞ்சாவும் ஐசும் அங்கே நன்றாக அடிவாங்குகின்றன. முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் பத்து வயதுப் பையனின் கைக்கு எட்டும் பொருளைப்பற்றி மட்டும் எந்தக் கவிஞரும் வாய் திறப்பதில்லை. அது சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டும் பசை. புதுவீடு கட்டுமிடத்தில் தின்னர். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல்.

“அது நகரத்துச் சேரிகளின் நோய், வன்னிக்கு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நெடுங்கேணியில் படிப்பிக்கும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன்: இந்த மூன்றும் விற்காத கிராமம் எது? இந்தியாவில் எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வைப் பாருங்கள். ஏனைய போதைகளில் பெரியவர்களே முந்தி நிற்கிறார்கள். முகரும் பொருட்களில் மட்டும் கணக்குத் தலைகீழ்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுவரையானோரில் 1.17 சதவீதம். இது பிள்ளைகளின் போதை. ஆகவேதான் பெரியவர்களின் மேடைக்கு இது தெரிவதில்லை.

சட்டமும் அப்படியே. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரு சிகரட்டும் விற்கலாகாது. பசையைப்பற்றி அச்சட்டத்தில் ஒன்றுமில்லை. குத்பாவில் ஹராம் என்று சொல்வதும் போதாது. பசையை மதுவோடு சேர்த்து எண்ணாத பிள்ளை அந்தத் தீர்ப்பு தனக்குரியது என்று எப்படி அறியும்?

இதற்கு நம்மிடமுள்ள ஒரே மருந்து பிரம்பு. கண்டால் துரத்து, பிடித்தால் அடி, பிறகு பாடசாலையை விட்டு நிறுத்து. பிரம்பைக் கைவிடச் சொன்ன கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையை நாம் மதித்த விதம் ஊரறியும். அதை விடுங்கள், வைத்தியம் சொல்வதையாவது கேளுங்கள். இந்த ஆவி இரத்தத்தில் கலந்ததும் இதயம் அட்ரினலினுக்கு அளவுமீறிக் கூசுகிறது. அப்போது பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாளம் தப்பி நின்றுவிடலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நேரும். அமெரிக்காவில் மில்லர்ட் பாஸ் என்ற மருத்துவர் இத்தகைய 110 திடீர் மரணங்களை 1970இலேயே எழுதி வைத்தார். பிரம்போடு துரத்தும் ஆசிரியர் ஒழுக்கத்தைக் காப்பாற்றவில்லை; ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார்.

கண்டால் சத்தம் போடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் இருத்துங்கள், மெதுவாகப் பேசுங்கள். மயங்கினால் 1990ஐ அழையுங்கள். விசாரணையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தடுப்பது பொருளிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்தை அழிக்கும் திரவத்தைப் போத்தலில் விற்பதை இந்தியா 2012இல் தடைசெய்து, பேனா வடிவில் மட்டும் அனுமதித்தது. அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோல் முகர்ந்து அழிந்தபோது, போதை தரும் சேர்மங்கள் குறைந்த ‘ஓபல்’ பெற்றோல் 2005இல் வந்தது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் முகர்வது பெருமளவு குறைந்தது. நமக்கு அவ்வளவு பெரிய காரியம்கூட வேண்டாம். பாடசாலையில் நீரில் கரையும் பசை போதும். தின்னரும் பசையும் சிறுவர் கைக்குத் தனியே போகாதென்று கடைக்காரர் ஒரு சொல் தந்தால் போதும்.

வகுப்பில் இதைப் ‘போதை’ என்று படிப்பிக்காதீர்கள். அந்தச் சொல்லே சிலருக்கு அழைப்பிதழ். எதை எப்படி முகர்வது என்று விளக்கும் ‘விழிப்புணர்வு’ அதைவிடக் கேடு. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியை நஞ்சென்று நமது பிள்ளைகள் அறிவார்கள். அந்த வரிசையில் இதையும் வையுங்கள்.

அடுத்த கவியரங்குக்கு எனக்கும் அழைப்பு வரும். கவிதை வேண்டாம், ஊர்க் கடைக்காரரையும் சைக்கிள் திருத்துபவரையும் முன்வரிசையில் இருத்துங்கள், வருகிறேன்.