பத்தடி உயரம்

அடையாற்றில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். ஏ.சி. மண்டபத்துக்குள்ளேயே ஓலை வேய்ந்து 'கிராமத்து மூலை' ஒன்று வைத்திருந்தார்கள். பஞ்சுமிட்டாய், வளையல் கடை, கிளியில்லாத கிளிஜோசியம். நடுவே நாலு பெட்டி தொங்கும் கை ராட்டினம், புதுப் பெயின்ட் வாசனையோடு. காசு கிடையாது, எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். ஏறிய பிள்ளைகள் இரண்டாவது சுற்றிலேயே இறங்கி ஐஸ்கிரீம் பக்கம் ஓடிவிட்டார்கள். சுற்றுகிறவர் பெட்டியில் சாய்ந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் அலுத்துக்கொண்டார். எங்களுக்கு அதில் சம்மதமில்லை.

இதே ராட்டினத்தை மயிலாப்பூரில் பார்க்க வேண்டும். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர். ராட்டினக்காரர் கண்ணாலேயே எடை போடுவார். கொழுகொழு பையன் ஒரு பெட்டியில் ஏறினால் எதிர்ப்பெட்டிக்கு இரண்டு வாண்டுகள். எதிரெதிர்ப் பாரம் ஒத்துவராவிட்டால் தள்ளுகிற கைதான் ஒடியும். ஆள் சேரும்வரை ஏறியவர்கள் ஆடியபடி காத்திருக்க, "இன்னும் ஒரு சுத்துண்ணா" என்ற பேரம் இறங்கும்போது தொடங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மாடவீதி நெரிசலில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் வேட்டியும் புடவையும்தான். பெட்டி மேலே போனதும் சட்டென்று தலைகளெல்லாம் கீழே போய்விடுகின்றன. சப்பரங்கள், பலூன்காரர், தூரத்தில் கோபுரம், கூட்டத்தில் அண்ணாந்து நிற்கும் அம்மா. அதற்குப் பத்தடி உயரம் போதும். கல்யாண மண்டபத்தில் அதே பத்தடிக்குப் போனால் தெரிவது ஃபால்ஸ் சீலிங். ரோலர் கோஸ்டர் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவில் கொண்டுபோய் வைத்தாலோ, ராட்டினமே தரையிலிருந்து எழும்பாததுபோல் தோன்றும்.

பெரிய சக்கரத்துக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்பவர் நிறுத்திய 264 அடிச் சக்கரத்தில் ஏறக் கூட்டம் அலைமோதியது. கண்காட்சி முடிந்தபின் அதே ஊரில் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். சக்கரம் அதேதான், மேலேயிருந்து பார்க்கக் கண்காட்சி இல்லை. நஷ்டம். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் மறுபடி ஓடியது. 1906இல் வெடிவைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்களே, அது எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டுக்கு முற்றம் உண்டு. வெயிலும் மழையும் எங்கே வைத்தாலும் உள்ளே வந்துவிடும். ராட்டினத்துக்கு நாலு பெட்டியும் ஓர் அச்சும்தான் சொத்து. மிச்சமெல்லாம் தெருவுடையது.

மண்டபத்தில் ராட்டினக்காரருக்கு ஒரு மாலைக் கூலி கிடைத்தது, அதில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் திருவிழா நெரிசலைச் சீர்படுத்துகிறவர்கள் முதலில் அவரை அப்புறப்படுத்திவிட்டு, பிறகு 'அந்தக் காலம்' என்று மண்டபத்தில் தேட வேண்டாம். மாடவீதியை ஒட்டிய ஏதாவது ஒரு சந்துமுனையில் நாலு பெட்டிக்கு இடம் விடுங்கள்.

வாசகர்களுக்கு: அறுபத்துமூவர் புறப்பாடு பிற்பகலிலேயே தொடங்கிவிடும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னதாகவே வந்துவிடுங்கள். சில்லறை மறக்க வேண்டாம்.