முதலைகளுக்குக் கோடை லீவு கிடையாது!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே எங்கள் குமணன்சாவடி வீடுகளில் ஒரே பல்லவிதான்: "அம்மா, போர் அடிக்குது!" வெளியே அனுப்பலாம் என்றால் காலை பத்து மணிக்கே பூந்தமல்லி சாலை தோசைக்கல்லாகக் காய்கிறது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் கையில் செல்போன். மால், தீம் பார்க், சினிமா என்று கணக்குப் போட்டால், நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாத மளிகைக் காசு ஒரே நாளில் காலி.

இந்த வாரம் நான் சொல்லப்போகும் இடம் உங்களுக்குப் புதிதல்ல. பள்ளிச் சுற்றுலாவில் மகாபலிபுரம் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, வரிசையாக உள்ளே அழைத்துப் போயிருப்பார்கள். "கல்லு மாதிரி கிடக்குதே, இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். ஆமாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைதான். பதிவேட்டில் அதன் பெயர் 'மெட்ராஸ் கிராக்கடைல் பேங்க் டிரஸ்ட்'.

முதலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். நமக்கு லீவு விடும் மாதங்களில்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை.

பேங்க் என்று ஏன் பெயர்?

பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். "முதலை எதுக்குப்பா பேங்க்ல இருக்கு?"

1970-களில் நம் நாட்டு முதலைகள் அநேகமாக முடிந்துபோகும் நிலையில் இருந்தன. தோலுக்காக வேட்டை, ஆற்றங்கரையில் முட்டை திருட்டு, அணைகள், மீன் வலைகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் முட்டை இடாதே! எண்ணிக்கையைப் பெருக்க யாராவது வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியிருந்த ராமுலஸ் விட்டேக்கர், மனைவி ஜாய் மற்றும் நண்பர்களோடு சேர்ந்து 1976-ல் வடநெம்மேலியில் இதை ஆரம்பித்தார். சதுப்பு நில முதலை, உப்புநீர் முதலை, நீண்ட மூக்குள்ள கரியால் என்று இந்தியாவின் மூன்று வகைகளையும் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

நாம் பேங்கில் பணம் போட்டு வட்டியோடு எடுப்பதுபோல, சில முதலைகளை 'டெபாசிட்' செய்து, அவை பெருகியதும் குஞ்சுகளையும் முட்டைகளையும் பல மாநில வனத்துறைகளுக்குக் கொடுப்பது என்பது திட்டம். அதனால் பேங்க்.

திட்டம் பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது! அங்கேதான் சிக்கல். சதுப்பு நில முதலைகள் பண்ணையில் மளமளவென்று பெருகின. 1990-களில், ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலைகளை விடுவதை அரசு நிறுத்தியது. மனிதர்கள் இல்லாத கரை எங்கே இருக்கிறது? ஏரியில் முதலை விட்டால் மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் சும்மா இருப்பார்களா? டெபாசிட் ஏறிக்கொண்டே போக, பணம் எடுக்க வழியில்லாத பேங்க் ஆகிவிட்டது. 2022-ல் ஆயிரம் சதுப்பு நில முதலைகளைக் குஜராத் மாநிலம் ஜாம்நகரில் உள்ள விலங்கு மையத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்தது என்றால், நெருக்கடி எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

கோடையில் என்ன வேலை?

தென்னிந்தியாவில் சதுப்பு நில முதலைகள் வருட ஆரம்பத்தில், வெயில் ஏறத் தொடங்கும்போது, மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். ஒரு குழியில் 25, 30 முட்டைகள் இருக்கும். இரண்டு மாதம் கழித்து, நம் பிள்ளைகள் லீவில் இருக்கும்போது பொரிக்கும். வடநெம்மேலி முதலைகளில் சில ஒரே பருவத்தில் இரண்டு தடவைகூட முட்டையிடுவதைக் கண்டுபிடித்தார்கள்.

முன்பு இந்த முட்டைகளை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது ஊழியர்களின் பெருமையான வேலை. இப்போது அதே ஊழியர்கள் முட்டைகளைத் தேடி எடுத்து, பொரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடமில்லாத வீட்டில் குடும்பக் கட்டுப்பாடு! ஒருவர் கையில் கம்போடு தாய் முதலையைக் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் மண்ணைத் தோண்ட வேண்டும். குழிக்குப் பக்கத்திலேயே காவல் கிடக்கும் தாய், மற்ற நாளில் கல் மாதிரி கிடந்த அதே முதலைதான். முட்டை என்று வந்துவிட்டால் அதன் வேகமே வேறு. ஒரு நொடி கவனம் சிதறினால் கை போய்விடும். முதலைகளைக் காப்பாற்ற என்று வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதே முதலைகளின் நலனுக்காக முட்டையை எடுக்கிறார்கள். இந்தச் சங்கடம் வேலிக்கு வெளியே நிற்கும் நமக்குத் தெரிவதில்லை.

இங்கே நடந்த ஆராய்ச்சிகளும் சாதாரணமானவை அல்ல. முதலைக்குப் பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது. 31 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெண், 32.5 டிகிரியில் ஆண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம்! ஜெஃப்ரி லாங் என்ற அமெரிக்க விஞ்ஞானி வடநெம்மேலிக்காரர்களோடு சேர்ந்து சதுப்பு நில முதலைகளில் இதை ஆராய்ந்தார். பூமி சூடாகிக்கொண்டே போனால் முதலைக் குடும்பங்களின் கதி என்ன என்ற கேள்வியும் அதிலிருந்தே வருகிறது.

அவர் பார்த்த இன்னொரு விஷயத்தை வீட்டில் அப்பாக்களுக்குப் படித்துக் காட்டுங்கள். குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வடநெம்மேலியில் அப்பா முதலையும் இதே வேலையைச் செய்தது! எருமையைப் பிடிக்கும் அந்த வாயில், ஒரு அடி ஸ்கேலை விடச் சிறிய குஞ்சு பத்திரமாகப் பயணம் செய்கிறது.

வெயிலில் வாயைப் பிளந்தபடி கிடக்கும் முதலையைப் பார்த்து, "நம்மளைத்தான் பாக்குது" என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அதற்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வாயைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அசைகிறதா என்று பார்க்கக் கல்லை விட்டு எறிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்வையாளர்களைப் பார்த்துக்கொள்வதும் கோடையில் ஊழியர்களுக்கு ஒரு முழுநேர வேலை.

இரண்டு மாத வசூல், வருடம் முழுக்கச் சாப்பாடு

இது அரசாங்கத்தின் உயிரியல் பூங்கா அல்ல, ஓர் அறக்கட்டளை. முதலைக்கு இறைச்சி, ஆமைக்குக் கீரை, ஊழியருக்குச் சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் நம் நுழைவுக் கட்டணம்தான் பெரிய ஆதாரம். அதிலும் ஏப்ரல், மே மாதங்கள் அவர்களுக்கு அறுவடைக் காலம்.

அந்த அறுவடை ஒரு வருடம் முழுசாகப் பொய்த்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கதவை மூடினார்கள். மகாபலிபுரம் சாலையில் வண்டியே இல்லை. கடைக்காரர் கடையை மூடலாம். முதலையின் வயிற்றை மூட முடியுமா? பூட்டிய கேட்டுக்குள் பராமரிப்பாளர்கள் தினமும் வேலைக்கு வந்தார்கள். உயர் பொறுப்பில் இருந்தவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நிர்வாகம் பொதுமக்களிடம் வெளிப்படையாகவே உதவி கேட்டது. எங்கெங்கோ இருந்தவர்கள் அனுப்பிய சின்னச் சின்னத் தொகைகளும் சேர்ந்துதான் அந்த நாட்களைத் தாண்ட உதவின.

அதனால்தான் சொல்கிறேன். அங்கே வாங்கும் டிக்கெட், பொழுதுபோக்குச் செலவு மட்டும் அல்ல. மழைக்காலத்தில் ஆளே வராத ஒரு செவ்வாய்க்கிழமை, குளத்தைக் கழுவுகிற ஒருவரின் கூலி அதில் இருக்கிறது.

பாம்பு பிடிக்கும் கைகள்

முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இன்னொரு வேலை நடக்கிறது. நம் குமணன்சாவடிக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அதுதான். காலி மனைகளும், புதரும், கால்வாயும் உள்ள நம் பக்கத்தில் பாம்பு வராத தெரு எது? வெயிலில் குளிர்ச்சி தேடிக் குளியலறைக்குள் சாரை வரும். மழையில் வாசற்படிக்கே நல்ல பாம்பு வரும். பார்த்ததும் நாலு பேர் கம்போடு கூடிவிடுவார்கள்.

இருளர் பழங்குடி மக்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வாழ்ந்தார்கள். தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போனது. பாம்பைக் கொல்லாமலே அதே திறமையால் பிழைக்க முடியும் என்று 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகைகளைப் பிடித்து வந்து பானையில் வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை என நாலு தடவை விஷம் எடுக்கிறார்கள். பிறகு, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கிடைத்தால் தொட மாட்டார்கள். இந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு இந்தச் சங்கத்திலிருந்து போகிறது.

இந்தக் கைகளுக்கு 2023-ல் பத்மஸ்ரீ வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பெற்றார்கள். 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க இவர்களைத்தான் அழைத்தது. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் சங்கத்தினரின் வருமானம் இன்றும் அரசின் அனுமதியை நம்பித்தான் இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற உத்தரவு தாமதமானால், அடுப்பு எரிவதும் தாமதமாகும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் லீவு விட்ட இந்த மாதத்தில் பிள்ளைகளோடு நாமும் இந்தப் பாடத்தைப் படித்துவிடலாம்:

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை ஓட, நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. மந்திரிக்கப் போகும் ஒரு மணி நேரம்தான் உயிரைக் குடிக்கும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தள்ளி நின்று, அது போகும் இடத்தைக் கண்காணித்துக்கொண்டு தீயணைப்புத் துறையின் 101-க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு...

நம் பக்கத்திலிருந்து கார் வைத்திருப்பவர்கள் பூந்தமல்லியைத் தாண்டி வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் போய், கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடையலாம். பஸ்ஸில் போகிறவர்கள் தாம்பரத்தில் மாறி, மாமல்லபுரம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். எந்தக் கிழமை விடுமுறை, கட்டணம் எவ்வளவு, பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டும் நேரம் எது, சிறுவர்களுக்கான முகாம் உண்டா என்பதையெல்லாம் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சத்தில் முதலைக் கண்கள் கங்கு போல மின்னுவதைக் காட்டும் இரவு நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு. காலையிலேயே போய்விட்டால் வெயிலுக்குத் தப்பலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். முதலைத் தொட்டியைப் பார்த்து முடித்ததும், தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும் அண்ணனிடம் பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "அண்ணா, இதுல எது ரொம்ப சேட்டை?" என்று கேட்டாலே போதும். பலகையில் எழுதாத பத்து விஷயம் வரும். பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவாய் என்று யாராவது கேட்டால், டாக்டர், இன்ஜினீயருக்குப் பக்கத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

போய் வந்து எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.