நாலு கடிகாரமும் ஒரு பாதையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிக்குப் போகாமலிருக்க நம்மால் முடிவதில்லை. ஐந்து கிளைகளாக விழும் நீர் கீழே வந்ததும் ஒன்றாகிவிடுகிறது. எந்தத் துளி எந்தக் கிளையில் வந்ததென்று பிரம்மதேவனாலும் பிறகு சொல்ல முடியாது. அருவிக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால், தென்காசிப் பாட்டி பேரனைக் கொஞ்சும் குரலும், வியாபாரி விலை பேசும் குரலும் டெலிபோனில் அப்படிக் கலந்து சென்னை போய்ச் சேர்ந்தால் என்ன கதியாகும்?

கலவாமல் அனுப்ப ஒரு யுக்தி கண்டார்கள். ஒரு குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒன்று, சைபர் என்னும் 8 இலக்கங்களாக எழுதினார்கள். ஆக 64,000 இலக்கங்கள். 30 குரல்களும் நிர்வாகத்துக்கு 2 இடங்களும் சேர்ந்த ஒரு கட்டுக்கு 20,48,000. இத்தகைய நான்கு கட்டுக்களுக்கு 81,92,000 போதுமல்லவா? சர்வதேச விதியோ பாதைக்கு 84,48,000 என்று வகுத்தது. மிச்சம் எதற்கு?

ஒரு பகுதி அடையாளக் குறிகளுக்கு. மற்றது கடிகாரங்களின் பிடிவாதத்துக்கு! நான்கு கட்டுக்களும் தத்தம் கடிகாரப்படியே வருபவை. பத்து லட்சத்துக்கு 50 வரை பிசகலாம் என்பது விதி. அதாவது வினாடிக்குச் சுமார் 102 இலக்கங்கள் கூடலாம், குறையலாம். ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உபரி ஆசனம் வைத்தார்கள். வேகமாக வரும் கட்டு அதில் அடிக்கடி மெய்யான இலக்கத்தை உட்கார வைக்கும். மெதுவாக வருவது அடிக்கடி வெறும் பொம்மையை வைக்கும். இருப்பது மெய்யா, பொம்மையா என்று மூன்று முறை சொல்லியனுப்புவார்கள்; ஒன்று வழியில் சிதைந்தாலும் மற்ற இரண்டின் வாக்கே செல்லும். அதுவும் தவறினால் ஓர் இலக்கம் நழுவி, அக்கட்டின் 30 பேச்சுக்களும் குலைந்துபோகும்.

இம்முறையில் கஷ்டமும் இருந்தது. நடுவழியில் ஒரு கட்டை மட்டும் இறக்குவதற்கு எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். எனவே 1988-ல், அனைத்தையும் ஒரே தலைமைக் கடிகாரத்துடன் இணைக்கும் புதிய முறைக்கு விதிகள் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதிலும் சிறு பிசகுக்கு இடம் விட்டே வைத்தார்கள்!

பல பாஷைகளும் பல பழக்கங்களும் உள்ள நமது தேசத்துக்கும் இதில் பாடமுண்டு. எல்லோரையும் ஒரே மணியடிக்கு நடக்கச் செய்வதன்று ஒற்றுமை. அவரவர் நடைக்குச் சிறிது இடம் விட்டு, ஒருவர் குரலும் கெடாமல் ஊர் கொண்டு சேர்ப்பதே ஒற்றுமை.