நாய் வீட்டில், எஜமான் ஆபீசில்! செல்போன் எவ்வளவு தூரம் உதவும்?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் மிச்சம் இருப்பது யார்? நாய்!

காலை 8 மணிக்குக் கதவு பூட்டப்படுகிறது. மாலை 6 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. நடுவில் பத்து மணி நேரம். அதற்குச் சோறு வைப்பது யார்? தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது யார்? கதவு இடுக்கில் புகுந்து ஓடிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

"கவலைப்படாதீர்கள். செல்போன் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். இதற்கென்றே பல செயலிகள் வந்துவிட்டன. "ஆப்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான் செயலி. சோறு வைக்க ஒன்று. மிருக வைத்தியரோடு பேச ஒன்று. ஆபீசில் இருந்தபடியே நாயைப் பார்க்க ஒன்று. காணாமல் போனால் கண்டுபிடிக்க ஒன்று.

இவற்றில் எது உதவும்? எது நட்டாற்றில் விட்டுவிடும்?

சட்டமும் வந்துவிட்டது

நாய் வளர்ப்பது இனி அவரவர் வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. ஊர்ச் சங்கதியும் ஆகிவிட்டது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெரு நாய்கள் அல்ல. வீட்டு நாய்கள்! ஊரே கொதித்தது. வளர்ப்பு நாய்களுக்கு லைசென்சு வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

2025-ல் சென்னை மாநகராட்சி கண்டிப்பு காட்டியது. நாய்க்கு லைசென்சு எடுக்க வேண்டும்; உடம்பில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும்; தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. முதலில் நவம்பர் வரை கெடு. கூட்டம் தாங்கவில்லை. கெடு டிசம்பர் 14 வரை தள்ளிப்போயிற்று. லைசென்சுக் கட்டணம் என்னவோ வருடத்துக்கு 50 ரூபாய்தான்! விண்ணப்பம் இணையதளம் வழியாக. ஆக, நாய்க்கு லைசென்சு வாங்கவும் செல்போன் வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டும் தெரு நாய் விவகாரத்தைக் கையில் எடுத்தது. டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று ஆகஸ்டு 11-ந் தேதி உத்தரவு வந்தது. ஆகஸ்டு 22-ந் தேதி அது மாற்றப்பட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அது.

இதற்கும் வீட்டு நாய்க்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. வீட்டை விட்டு ஓடிய நாய் இரண்டு நாள் தெருவில் அலைந்தால் தெரு நாய் போலத்தான் இருக்கும். கழுத்துப்பட்டை அறுந்திருக்கும். உடம்பெல்லாம் புழுதி. பிடிக்க வருகிறவருக்கு இது யார் வீட்டுப் பிள்ளை என்று எப்படித் தெரியும்?

அரிசி அளவில் ஒரு சிப்

இங்கேதான் மைக்ரோசிப் வருகிறது. அரிசி ஒன்றின் அளவுதான் இருக்கும். ஊசி மூலம் தோலுக்கு அடியில் செலுத்தி விடுகிறார்கள். அதற்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டு போனால் எண் தெரியும். அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்தால் எஜமானரின் பெயரும் போன் நம்பரும் தெரியும்.

பலர் இதைத் தப்பாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். "சிப் போட்டாகிவிட்டது. நாய் எங்கே போனாலும் செல்போனில் தெரியும்" என்று நினைக்கிறார்கள். தெரியாது! சிப் சொல்வது நாய் யாருடையது என்பதை மட்டும். நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது.

இருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை வேண்டும். வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு அது இடத்தைக் கணக்கிடுகிறது. செல்போன் கோபுரம் வழியாக உங்களுக்குச் சேதி அனுப்புகிறது. அதற்கு உள்ளே சிம் வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் சந்தாவும் கட்ட வேண்டும்.

சாவிக்கொத்தைத் தேட உதவும் சின்ன வில்லைகளையும் சிலர் நாய் கழுத்தில் மாட்டுகிறார்கள். ஆப்பிள் கம்பெனியின் ஏர்டேக் அப்படிப்பட்டது. அது பொருள்களுக்காகச் செய்தது, பிராணிகளுக்காக அல்ல என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. பக்கத்தில் ஐபோன் வைத்திருப்பவர் யாராவது போனால்தான் அதன் இருப்பிடம் தெரியவரும். ஜன நடமாட்டம் இல்லாத இடத்தில் நாய் நின்றால் பயன் இல்லை.

சோறு போடாத யந்திரம்

இனி சோற்று யந்திரத்துக்கு வருவோம். உலர்ந்த தீனியைக் கொட்டி வைத்தால், செல்போனில் நீங்கள் குறித்த நேரத்தில், குறித்த அளவு தட்டில் விழும். கேட்க நன்றாக இருக்கிறது.

அமெரிக்காவில் பெட்நெட் என்ற கம்பெனி இப்படி ஒரு யந்திரத்தை விற்றது. 2016 ஜூலையில் ஒரு நாள், எங்கோ தொலைவில் இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதோடு பல வீடுகளில் யந்திரமும் படுத்துவிட்டது. "உங்கள் கையாலேயே சோறு வையுங்கள்" என்று கம்பெனி தகவல் அனுப்பியது. 2020 பிப்ரவரியில் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை ஏறக்குறைய ஒரு வாரம்! வெளியூர் போயிருந்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்? நாய்க்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் அதன் வயிற்றுக்குத் தெரியும்.

யந்திரத்தில் தீனி இருந்தது. வீட்டில் மின்சாரமும் இருந்தது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. ஏன்? "திற" என்று உத்தரவு போடும் மூளை வேறு ஊரில் இருந்தது.

விசில் என்ற கழுத்துப்பட்டையின் கதையும் கேளுங்கள். அதுவும் அமெரிக்காவில் விற்றது. 2025-ல் ஆஸ்திரியா நாட்டு டிராக்டிவ் கம்பெனி அதை வாங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதியோடு விசில் கருவிகள் வேலை செய்வது நின்றது. கருவி பழுதாகவில்லை. கம்பெனி கை மாறியது, அவ்வளவுதான்.

ஆகையால் இப்படிப்பட்ட கருவி வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இணையம் அறுந்து போனாலும் இது சோறு போடுமா?" போடும் என்றால் யோசிக்கலாம். நம் ஊரில் மின்சாரம் போவதும் உண்டு. பேட்டரியிலும் ஓடுமா என்று பாருங்கள். தயிர்ச்சோறும் கறிச்சோறும் போட்டுப் பழக்கியவர்களுக்கு இந்த யந்திரமே தேவையில்லை. பகல் வெயிலில் சோறு ஊசிப்போகும்.

காமிரா விஷயத்தில் செலவே வேண்டாம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய செல்போனையே காமிரா ஆக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் நாயைப் பார்க்க மாட்டிய காமிரா வீட்டு மனிதர்களையும் பார்க்கும். அதைக் கூடத்தில் வையுங்கள். படுக்கை அறையில் வேண்டாம். கடவுச்சொல்லும் வலுவாக இருக்கட்டும்.

வைத்தியர் போனில் வருவார்

மிருக வைத்தியரோடு போனில் பேச வைக்கும் செயலிகள் இந்தியாவிலும் உண்டு. பெங்களூரில் தொடங்கிய சூப்பர்டெயில்ஸ் அப்படி ஒன்று. தோல் அரிப்பு, உண்ணித் தொல்லை, தீனி மாற்றுவது போன்ற சந்தேகங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. வேலை நாளில் லீவு போட வேண்டியதில்லை.

ஆனால் நாய் மூச்சுத் திணறுகிறதா? ரத்தமாகப் போகிறதா? வலிப்பு வந்துவிட்டதா? செல்போனைத் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி மிருக வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் கல்லூரி 1903-ல் ஏற்பட்டது. மற்ற ஊர்க்காரர்கள் அருகில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரியின் போன் நம்பரை இன்றே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

போனைப் பார்த்து நாமே மருந்து கொடுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் கொடுக்கிறோம். அதே மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரை வாங்கிவிடும். சாக்லேட், வெங்காயம், திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகியவை நாய்க்கு ஆகா. பாயசத்தில் கிடக்கும் திராட்சை கூடத்தான்!

காசில்லாத செயலி

இவ்வளவு செயலிகளில் எது மிகவும் உபயோகம் என்று கேட்டால், என் கட்சி இதுதான்: செல்போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டர்!

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு வைத்தியர் சொல்லும் நாளில் மறு ஊசி. அப்புறம் வருடம் தவறாமல். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. இந்தத் தேதிகளைக் காலண்டரில் போட்டுவிட்டால் மணி அடித்து ஞாபகப்படுத்தும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் கூட வாயால் சொல்லியே பதிவு செய்யலாம். இப்போது செல்போனுக்குத் தமிழ் புரிகிறது.

ஊசி தேதி தவறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைப் பிழைக்க வைக்க அநேகமாக வழியே இல்லை. உலகத்தில் இந்த நோயால் சாகிறவர்களில் 100-க்கு 36 பேர் இந்தியாவில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாய் கடித்தால், கீறினால் கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி. கடித்தது வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

ஊசி போட்ட சீட்டையும் லைசென்சையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு படம் அனுப்புங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அவர்தான் நாயைக் கொண்டு போக வேண்டியிருக்கும்.

போன் நம்பர் மாற்றினால் பாங்கிக்குச் சொல்கிறோம். காஸ் கம்பெனிக்குச் சொல்கிறோம். நாயின் பதிவில் மட்டும் மாற்ற மறந்துவிடுகிறோம். சிப்பில் உள்ள எண் அப்படியேதான் இருக்கும். ஆனால் பதிவேட்டில் பழைய நம்பர் இருந்தால், நாயைக் கண்டெடுத்தவர் கூப்பிடும்போது வேறு யாரோதான் போனை எடுப்பார்.