முதலாண்டு மாணவர்க்கு அறிவுரை சொல்வோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஒரு சடங்கு நடக்கும். முதலாண்டு மாணவர்களைக் கலையரங்கில் அமரவைத்துவிட்டு, மேடையேறிய ஒவ்வொருவரும் அறிவுரை வழங்குவார்கள். பேசுபவர் யாராயினும் அறிவுரை மூன்றுதான். நல்ல இடத்தில் தங்குங்கள். வேளை தவறாமல் சத்தாக உண்ணுங்கள். மூன்றாண்டுப் படிப்பை முதல் நாளிலேயே திட்டமிடுங்கள். பிறகு நன்றியுரை, நாட்டுப்பண்.

திருவண்ணாமலையில் இத்தகைய மேடைகளில் நாமும் ஏறியிருக்கிறோம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைத் துணைக்கழைத்து, முன்பு உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும் என்று விளக்கம் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். எதிரே அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அன்று காலை எதையாவது உண்டுவிட்டு வந்திருந்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்த மேடைக்கு எதிரானது. ஆகவே, ஓரளவு நமக்கே எதிரானது.

சில ஆண்டுகளுக்கு முன், பதினொரு மணி வகுப்பில் ஒரு மாணவி மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தார். உறக்கமென்று எண்ணிக் கடிந்துகொண்டோம். அருகிலிருந்த பெண்தான் சொன்னார்: "காலையில ஆறு மணி பஸ்ஸுங்க ஐயா. நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்." செங்கம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவர். அந்நேரத்தில் வீட்டில் உலை வைத்திருக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவருக்கு 'வந்திருந்தார்' என்றுதான் குறித்திருந்தோம். வேறு எதையும் குறிக்க அப்பதிவேட்டில் இடமில்லை.

இது எந்த ஊரில் நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பசித்து வருபவர்க்குச் சோறிடுவதையே தன் பெருமையாகக் கொண்ட ஊர் இது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள், வழியெங்கும் அன்னதானம். ரமணாசிரமத்தில் நாள்தோறும் சாதுக்களுக்குச் சோறு. அண்ணாமலையார் கோயிலில் அன்னதானக் கூடம். தீபத் திருவிழா வந்தால் தற்காலிகப் பேருந்து நிலையங்கள், சிறப்புப் பேருந்துகள், குடிநீர், கழிப்பறை, மருத்துவ முகாம் என்று நிர்வாகம் முழுவதும் களத்தில் நிற்கிறது. இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. ஓரிரவு தங்கிச் செல்பவர்க்கு இத்தனையும் செய்யத் தெரிந்த ஊருக்கு, மூன்றாண்டு தங்கிப் படிக்க வரும் சில ஆயிரம் பிள்ளைகளின் பகற்சோறு ஏன் கண்ணில் படவில்லை என்றுதான் கேட்கிறோம்.

கோயில் அன்னதான வரிசையில் ஒருநாள் நம் மாணவர் ஒருவரைக் கண்டோம். நம்மைக் கண்டதும் தூண் மறைவில் ஒதுங்கிக்கொண்டார். காலை முறை வகுப்பு முடிந்து, பிற்பகல் துணிக்கடை வேலைக்குப் போகுமுன் அங்கே உண்டு செல்பவர் அவர் என்று பிறகு அறிந்தோம். அவர் வெட்கப்பட ஏதுமில்லை. வெட்கம் நம்முடையது.

அரசின் கதையும் இதே இடத்தில்தான் முறிகிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு. இந்தியாவுக்கே முன்மாதிரியென்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வரிசை இது, சொல்லவும் வேண்டும். ஆனால் அது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினைந்து வயதுவரை பசித்த பிள்ளைக்குப் பதினேழு வயதில் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்கள்? 2022-இல் புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கி, தகுதியுள்ள கல்லூரி மாணவர்க்கு மாதம் 1000 ரூபாய் வந்தது மெய்தான். மாதத்துக்கு 25 நாள் வகுப்பென்று கொண்டால் நாளுக்கு 40 ரூபாய். அதிலேயே நோட்டும் நகலும் தேர்வுக் கட்டணமும் அடங்க வேண்டும். அப்பணம் நேரே வீட்டுக் கடனுக்குப் போவதும் உண்டு. அதையும் நாம் பிழையென்று சொல்ல மாட்டோம்.

அடுத்தது தங்குமிடம். சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை மலையிறங்கிப் போளூர் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை வரவேண்டும். அன்றாடம் போய்வருவது நடவாத காரியம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர். அவ்விடுதிகளில் கல்லூரி மாணவர் ஒருவர்க்கான மாத உணவுப்படி 2023-இல் 1100 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. பெயர்ப்பலகையிலுள்ள நீதி தட்டிலும் தெரிய வேண்டாமா?

விடுதியில் இடம் கிடைக்காதவர் வெளியில் அறை தேட வேண்டும். நாள்வாடகைக்குப் பக்தர்கள் கிடைக்கும் ஊரில் மாதவாடகைக்கு மாணவரை யார் விரும்புவார்? விரும்புகிறவரும் முதலில் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" மலிவான அறை மலைச்சரிவில் கிடைக்கும். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் அச்சரிவு இறங்கி ஏழு உயிர்கள் போயின. 'நல்ல இடத்தில் தங்குங்கள்' என்பவர்கள் அந்த நல்ல இடத்தின் முகவரியையும் சேர்த்துச் சொன்னால் நன்று.

இது புதிதாக எழுந்த கோரிக்கையன்று. இங்கிருந்து தொலைவில் இல்லாத விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர். இளையவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவர்க்கு ஒரு குறுணி இரு நாழி. என்ன படிப்பது என்பதோடு என்ன உண்பது என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டினார்கள். அது வேதம் ஓதியவர்க்கான கல்லூரி, மற்றவர்க்குக் கதவு திறக்காத கல்லூரி என்பதை மறந்து நாம் பெருமை பேசவில்லை. அன்று சிலர்க்கு மட்டும் கிடைத்த நெல்லை எல்லார்க்கும் ஆக்கவே பின்னர் இத்தனை போராட்டம் நடந்தது.

அப்போராட்டமும் மாணவர் விடுதியிலிருந்தே கிளைத்தது. சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்கள் தங்கவும் உண்ணவும் இடமின்றி அலைந்ததைக் கண்டே சி. நடேசனார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி எழுப்பிய கொந்தளிப்பு, 1925-இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறிய கதையோடு பிணைந்தது. நம் அரசியல் வரலாறே மாணவர் பந்தியில் விரித்த இலையைச் சுற்றி நடந்திருக்க, அவ்விலையைத் 'தனிமனிதப் பொறுப்பு' என்று மேடையில் சுருக்குவது அறியாமையா, வசதியா?

இனிப் படிப்புத் திட்டம். மாணவர் பாடத்தை விருப்பத்தால் தேர்கிறார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பலர்க்குப் பாடத்தைத் தேர்வது பேருந்து. காலை முறையில் இடம் கிடைத்தால் பிற்பகல் வேலைக்குப் போகலாம். ஆகவே அம்முறையில் எத்துறையில் இடமிருக்கிறதோ அதுவே அவர் 'விருப்பப் பாடம்'. தமிழை விரும்பிய பிள்ளை வரலாற்றிலும், கணிதத்தை விரும்பிய பிள்ளை தமிழிலும் அமர்ந்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பிறகு துணைப்பாடத்தில் அரியர் விழும். நாம் 'ஆர்வமில்லை' என்று தீர்ப்பெழுதுவோம்.

இதற்கு நம் ஆசிரியர் அறையிலேயே ஒரு மறுமொழி எப்போதும் தயாராக இருக்கும்: "நாங்களும் பட்டினி கிடந்துதான் படித்தோம்." கிடந்தோம்தான். பட்டினியிலும் படித்து முடித்தவர்கள் மேடையில் இருக்கிறார்கள். பட்டினியால் பாதியில் போனவர்கள் மேடைக்கு வரவேயில்லை. தப்பியவர்களின் சாட்சியத்தை மட்டும் கேட்டு வழக்கை முடிக்கலாகாது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வறுமைக் கதை என்றால் உருகுவோம். 'என் சரித்திர'த்தில் மாணவர் சாமிநாதன் சென்ற இடங்களில் உணவுக்குப் பட்ட பாட்டை வாசித்து நெகிழ்வோம். நம் வகுப்பின் கடைசி வரிசையிலிருப்பவர் என்ன உண்டார் என்று கேட்க மாட்டோம். மணிமேகலையின் அமுதசுரபிக்குப் பத்து மதிப்பெண் வினா அமைத்துவிட்டால் போதுமா?

அறிவுரையே கூடாது என்பதன்று நம் வாதம். பயன்படும் அறிவுரை இதுதான்: சேர்க்கை முடிந்த அன்றே விடுதி விண்ணப்பம் கேளுங்கள்; சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்திருங்கள். இலவசப் பயண அட்டையை உடனே வாங்குங்கள். நகரப் பேருந்தில் மகளிர்க்கு 2021 முதல் கட்டணமில்லை. பௌர்ணமியும் தீபமும் வரும் நாட்களில் பேருந்துகள் இடம் மாறும். தேர்வு இருந்தால் முந்தைய நாளே வழியைக் கேட்டுவையுங்கள். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போகுமுன் ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். துணைப்பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அன்னதானக் கூடத்தில் உண்ணத் தயங்காதீர்கள். அது யாசகம் அன்று.

எஞ்சியது மாணவர்க்கன்று, நமக்கு. பழனிக் கோயில் தன் கல்வி நிறுவனங்களின் மாணவர்க்கு 2022-இல் காலைச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. அவை கோயிலே நடத்தும் நிறுவனங்கள், இங்கே அப்படியன்று என்பார்கள். சரி. கோயிற்பணம் வேண்டாமென்றால் அரசுப் பணம் இருக்கிறது. பள்ளிச் சத்துணவை நடத்தத் தெரிந்த அரசுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் ஓர் அடுப்பு மூட்ட முடியாதா? அதுவரை, அடுத்த ஆண்டு அம்மேடைக்கு நம்மை அழைத்தால், நாம் பேசும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறோம்: இன்று காலை உண்ணாமல் வந்தவர் எத்தனை பேர்? அக்கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் 'மருந்து' அதிகாரம் பேச வாய் வருமானால் பேசுவோம்.