கேஸ் அடிக்கும் முன் லீக்கைத் தேடுவோம்

“அண்ணே, போன சித்திரையில போட்ட கேஸ் தீர்ந்துடுச்சு. கொஞ்சம் டாப்-அப் பண்ணி விடுங்க.”

கத்திரி வெயில் நெருங்கினால் பழைய கார் வைத்திருப்பவர்கள் நம் பட்டறை வாசலில் சொல்வது இதுதான். அவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள். ஓட ஓடத் தீர்வதற்கு ஏ.சி. கேஸ் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சிறிதளவு கசிவது உண்மைதான். ஆனால் முழு அளவு போட்ட வண்டியில் ஒரே ஆண்டில் குளிர்ச்சி போய்விட்டால் எங்கோ லீக் இருக்கிறது. இதைத் தெரிந்த நாமும் “ஆமாங்க, தீர்ந்திருக்கும்” என்று சொல்லி சிலிண்டரைத் திறந்தால் அது தொழிலுக்குச் செய்கிற துரோகம்.

கேஜை மட்டும் நம்புவதால்தான் இந்தப் பழக்கம் நீடிக்கிறது. நிற்கிற வண்டியில் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் கேஸின் வெப்பநிலையைத்தான். 134ஏ கேஸ் 35 டிகிரியில் ஏறத்தாழ 114 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தால் போதும், 500 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஓடும்போது காட்டும் அழுத்தமும் வெயில், ஃபேன் வேகம், கண்டன்சரில் படிந்த அழுக்கு என்று பலவற்றால் மாறும். மிச்சம் எவ்வளவு என்று தெரியாத வண்டியில் ‘கொஞ்சம்’ போடுவதற்குக் கணக்கே கிடையாது. கூடினால் ஹை சைடு ஏறிக் குளிர்ச்சி குறையும். குறைந்தால் கேஸோடு சேர்ந்து சுற்ற வேண்டிய ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாது. லோ பிரஷர் ஸ்விட்ச் கட் ஆகிறதே என்று அதை நேரடியாக இணைத்து ஓட விடுகிறவர்கள், கம்ப்ரசரைக் காக்க இருக்கிற காவலையே எடுத்துவிடுகிறார்கள்.

லீக்கைத் தேட முதலில் வேண்டியது கண். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறையாக நிற்கும். மூடி தொலைந்த சார்ஜிங் வால்வின் பின், கல்லடி பட்ட கண்டன்சர், சேறு தங்கும் அதன் அடிப்பகுதி, ஷாஃப்ட் சீல், இணைப்புகளில் காய்ந்த ஓ-ரிங்குகள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மிச்சக் கேஸ் உள்ளே இருக்கும்போதே டிடெக்டரை ஓட்டுங்கள். 134ஏ காற்றைவிடக் கனமானது. ஆகவே இணைப்பின் அடிப்பக்கம் முகர வைக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்கு, தண்ணீர் வடியும் டிரெயின் குழாய் வாயில் வைத்தால் போதும்.

பிறகு மிச்சக் கேஸை ரெக்கவரி சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை பூசிப் பார்க்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். அழுத்தத்தில் காற்றோடு கலந்த 134ஏ தீப்பற்றவும் கூடும். “வேக்கம் நின்றது, லீக் இல்லை” என்ற முடிவும் போதாது. வேக்கத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது 14.7 பி.எஸ்.ஐ. மட்டுமே. ஹை சைடில் 200 பி.எஸ்.ஐ.க்குத் திறக்கிற ஓட்டை அதில் மூடியே கிடக்கலாம்.

லீக்கை அடைத்த பிறகு புது ட்ரையர் போட்டு, அரை மணி நேரமாவது வேக்கம் இழுத்து, பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை மெஷினில் நிறுத்துப் போடுங்கள்.

“பதினைந்து வருஷ வண்டிக்குக் கூலிங் காயில் மாற்றுகிற செலவு கட்டுமா?” என்று உரிமையாளர் கேட்பது நியாயமான கேள்வி. மூன்று கோடை தாங்கிய பிறகு குறைந்த வண்டிக்கு, தேடியும் லீக் அகப்படாவிட்டால், நிறுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கலாம். சில வாரங்களில் காலியாகும் வண்டிக்கு லீக்கை அடைக்காமல் கேஸ் போடக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனாலும் சரி. விலை மலிவு என்று எரியும் கேஸை நிரப்புகிற பேச்சே வேண்டாம். கூலிங் காயில் இருப்பது ஆட்கள் உட்காரும் அறைக்குள். அது லீக் ஆனால் ஒரு தீப்பொறி போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. வீணாகக் கசியும் 500 கிராம், 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2021இல் கிகாலி திருத்தத்தை ஏற்ற இந்தியா, இவ்வகை கேஸ்களின் பயன்பாட்டுக்கு 2028இல் உச்சவரம்பிட்டு, அதை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. வீணடிக்கும் பழக்கத்தோடு அந்தக் காலத்துக்குள் நாம் நுழைய முடியாது.

இந்தக் கோடையில் நம் பில்களில் ‘டாப்-அப்’ என்று எழுதுவதை நிறுத்துவோம். லீக் இருந்த இடம், மாற்றிய பொருள், போட்ட கிராம் ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்போம்.